சார்ஜன்ட் கோர்மனின் பேரன்

"உருளைக்கிழங்கு அழுகிப்போச்சுன்னு ஊரைவிட்டு ஓடிவந்த கூட்டம்... அதுக்கு வம்சாவளி ஒரு கேடா, சொல்லுங்க உபதேசியாரே?"

அற்புதசாமி பேனாவை மையில் தோய்த்தார். மணப்பாறையிலிருந்து இந்த மாதா கோவிலுக்கு உபதேசியாராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்திரம்மாள் கேட்பதெல்லாம் பதிலுக்காக அல்ல என்பது அதற்குள் அவருக்குப் பிடிபட்டிருந்தது. கல்யாணப் பதிவேட்டை விரித்து வைத்து அவளுடைய மருமகனுக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவும் ஓடியது, அவள் வாயும் ஓடியது.

அந்த நகல் கைக்கு வந்தால் மருமகன் பெனடிக்ட் பாஸ்போர்ட் வாங்கிவிடுவான். பிறகு மகள் அமலராணியும் பேரனும் அவனோடு அயர்லாந்துக்குக் கப்பலேற வேண்டியதுதான். பேரனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. பல் முளைக்கிற பிள்ளையை எவனாவது நடுக்கடலுக்குக் கொண்டு போவானா என்று அவள் கேட்டாள். கப்பலில் காய்ச்சல் கண்டால் என் மகள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள் என்றும் கேட்டாள். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். உடனே, அழுததாக நினைத்துவிடப் போகிறாரே என்று பழைய சுருதிக்குத் திரும்பினாள்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்ற பேச்சு கிளம்பினாலும் கிளம்பியது, பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஆளுக்கொரு சீமைத் தாத்தா முளைத்துவிட்டாராம். நேற்றுவரை கருவாட்டுக் குழம்புக்குச் சண்டை போட்ட குடும்பங்கள் இன்றைக்கு முள்ளும் கத்தியும் வைத்துக்கொண்டு இட்டிலியோடு போராடுகின்றனவாம். மற்றவர்களாவது பேச்சோடு நின்றார்கள். அங்கே ஃபிட்டராக இருக்கும் பெனடிக்ட் நிற்கவில்லை. இங்கே கல்லறையில் அவன் தாத்தாவென்று சார்ஜன்ட் டெனிஸ் கோர்மன் பேரில் ஒரு கல் இருக்கிறது. அதில் பிறந்த ஊரும் வெட்டியிருக்கிறது. ஸ்ரீரங்கத்து வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்து அயர்லாந்தில் அந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்கே கடிதம் போட்டுவிட்டான். குமாஸ்தா ஐயங்கார் தன் முப்பாட்டன் பேரை இருந்த இடத்திலிருந்தே சொல்வார், என் மாப்பிள்ளைக்கு மட்டும் தாத்தாவைத் தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கிறது என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

பதிலும் வந்துவிட்டது. கோர்மனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு அங்கே பத்திரமாக இருக்கிறதாம். நிலவரிப் புத்தகத்தில் அவன் அப்பன் பேரும் இருக்கிறதாம்.

"எவ்வளவு நிலம்னு நெனைக்கிறீங்க? ஜீயபுரத்துல எங்க அண்ணன் வாழைக்கொல்லை இருக்கு பாருங்க... அதோட வரப்பு அகலம். அதுவும் குத்தகைக்கு. இதைப் படிச்சுட்டு மாப்பிள்ளை ஜமீன் கிடைச்சவரு மாதிரி உட்காந்திருக்காரு."

கோர்மனுடைய அண்ணன் வழிப் பேரன் ஒருவன் அங்கே இருக்கிறான். வாருங்கள், வீட்டில் இடமிருக்கிறது என்று தனியாக எழுதியிருக்கிறான். முன்பின் பார்க்காதவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறவனுக்குப் புத்தி சரியாக இருக்குமா? அரிசி விளையாத ஊர். வருஷம் முழுக்க மழை. துணி எப்படிக் காயும், அதுவும் கைப்பிள்ளைத் துணி?

அங்கிருந்து பேச்சு எப்படியோ நாத்தனாரிடம் போனது. அமலராணி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்களே, அப்போதெல்லாம் நாத்தனார் முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெண் இன்னார் மகள், மாப்பிள்ளை இன்னார் மகன் என்று ஊரறிய வாசிக்கிற ஓலை. பெனடிக்டோ கன்னியர் மடத்து வாசலில் கிடந்த பிள்ளை. செம்பட்டை முடியைத் தவிர அவனுக்கு முன்னோர் கொடுத்தது ஒன்றுமில்லை.

"வெறும் பேரை மட்டும் மூணு ஞாயித்துக்கிழமை வாசிச்சா எப்படியிருக்கும்? நீங்களே சொல்லுங்க."

குரல் இறங்கியது. கல்லறைத் திருநாளுக்குப் புருஷன் குழியில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது பக்கத்துக் கல்லைப் பார்த்தாளாம். வந்து ஏற்றுவாரில்லாத கல். பழைய உபதேசியாரிடம், சார்ஜன்ட் கோர்மன் பேரன் என்று ஓலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மடத்து மதர் சொன்னதாகச் சொன்னாள். அந்த மதர் அப்போது உயிரோடு இல்லை. ஓலையில் வாசித்ததே பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

"செத்த மனுஷன், கேக்கவா போறான்னு நெனச்சேன். மாப்பிள்ளை என்னடான்னா, முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கே போயி அந்தக் கல்லைத் தேச்சுத் தேச்சுக் கழுவினாரு. கல்லைக் கட்டிக்கிட்டு அழுதாரு உபதேசியாரே. அப்ப நான் வாயைத் திறந்திருக்கணும்..."

பேனா நின்றது.

பதிவேட்டைச் செல்லரித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். அற்புதசாமி பேனாவை மறுபடி ஓட்டினார். கடைசி வரியை எழுதி முடித்தார், மை ஒற்றினார், பகல் மணியடிக்க எழுந்து போய்விட்டார்.

நகல் மேசைமேல் கிடந்தது. சாமியார் காலையிலேயே வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். கோவில் முத்திரை மட்டும் பாக்கி. முத்திரையும் அங்கேயே இருந்தது. சந்திரம்மாள் தாளை எடுத்து இரண்டாக மடிக்கப் போனாள்.

வாசலில் சைக்கிள் சாய்ந்த சத்தம் கேட்டது. பெனடிக்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை.

"அத்தை, தாத்தா கிடைச்சாரா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாளை மேசையில் வைத்து, மடிப்பைக் கட்டைவிரலால் நீவினாள்.

"கிடைச்சாரு. முத்திரை போடறதுக்குள்ள இந்த மனுஷன் மணியடிக்க ஓடிட்டாரு. ஒரு வேலையை உருப்படியா முடிக்கத் தெரியுதா பாருங்க" என்று சிடுசிடுத்துக்கொண்டே, முத்திரையை மையில் அழுத்தினாள்.