பக்கத்து மாநிலம் வரைக்கும்

நோரீன்: …இப்போ கேக்குதா?

ராய்ஸ்: கேக்குது. போன் ஒயரை மடக்காமப் பிடி. மடங்கினா கரகரங்குது.

நோரீன்: இந்த ஆரஞ்சு ஜெயில் சட்டை உனக்கு எடுக்கவே இல்ல.

ராய்ஸ்: வேற நிறம் இருக்கான்னு கேட்டேன். தீந்துபோச்சுன்னுட்டாங்க.

நோரீன்: சிரிப்பு வரல ராய்ஸ்.

ராய்ஸ்: எனக்கும்தான். ஜூனி எங்க?

நோரீன்: உன் சர்க்கரை ஆலை மேஸ்திரி வீட்டுல விட்டுட்டு வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால உன்னை அவ பாக்க வேணாம்.

ராய்ஸ்: என்ன சொல்லி வச்சிருக்கே அவகிட்ட?

நோரீன்: மொன்டானாவுல அப்பாவுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வருவார்னு.

ராய்ஸ்: ம்… பொய்னு சொல்ல முடியாது.

நோரீன்: சாப்பிட்டியா?

ராய்ஸ்: ரெண்டு துண்டு ரொட்டி, நடுவுல ஏதோ ஒரு இறைச்சி. எந்த மிருகம்னு காவலருக்கே தெரியல.

நோரீன்: வக்கீல் வந்தாரா?

ராய்ஸ்: நேத்து. கோர்ட்டு வச்சுக் குடுத்த வக்கீல். சின்னப் பொண்ணு, பாவம், மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசினா. ரெண்டு வழி இருக்குங்குறா. நானா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, மொன்டானா வேன் வந்து ஏத்திட்டுப் போயிடும். போடலேன்னா, அந்த கவர்னர் இந்த கவர்னருக்கு எழுதி, இவர் பாத்து, ஆணை போட்டு… அதுவரைக்கும் இந்த வயோமிங் ஜெயில்ல மூணு மாசம்கூடக் கெடக்கலாமாம்.

நோரீன்: கெடந்து?

ராய்ஸ்: கெடந்து என்ன… கடைசில அதே வேன்தான்.

நோரீன்: அப்போ கையெழுத்துப் போட்டுடு.

ராய்ஸ்: அவ்ளோ அவசரமா உனக்கு?

நோரீன்: எரிச்சலைக் கிளப்பாதே. அங்க போனா எத்தனை வருஷம்?

ராய்ஸ்: நிறுத்தி வச்ச தண்டனை அஞ்சு வருஷம். ஜட்ஜ் நெனச்சா முழுசையும் போடலாம். கொறைக்கவும் செய்யலாம்.

நோரீன்: ஒன்றரை வருஷம் ஒழுங்காப் போய் அந்த நன்னடத்தை அதிகாரி முன்னால நின்னியே. அது?

ராய்ஸ்: அது ஒருவேளை கழியும். ஓடின நாள்லேர்ந்து கடிகாரம் நின்னுடுதாம். உன்கூட வாழ்ந்த ஒம்பது வருஷம் அவங்களுக்கு ஒரு நாள்கூட இல்ல.

நோரீன்: யாரோ ஒருத்தன் கொட்டகையிலேர்ந்து செப்புக் கம்பி எடுத்ததுக்கு…

ராய்ஸ்: அதுக்கு இல்ல நோரீன். அதுக்குதான் ஜட்ஜ் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பினாரே. மாசம் ஒருதரம் வந்து மொகத்தைக் காட்டு, கேக்காம மாநிலத்தை விட்டுப் போகாதேன்னார். போனேன். இருபத்திமூணு வயசு. புத்தி எங்க இருந்துது.

நோரீன்: போனதாலதான் நான் கெடச்சேன்.

ராய்ஸ்: இதையும் ஜட்ஜ்கிட்ட சொல்லட்டுமா?

நோரீன்: வேணாம். இன்னும் ரெண்டு வருஷம் சேத்துப் போடுவார்.

ராய்ஸ்: …பாரு, நீயே சிரிச்சுட்டே.

நோரீன்: இது சிரிப்பு இல்ல.

ராய்ஸ்: சரி சரி. கண்ணைத் தொடை. இங்க உள்ள கொண்டுவந்தப்போ பேர் பதிஞ்ச காவலர் ஒருத்தன் என்னப் பாத்து அப்படிச் சிரிக்கிறான். "ஏம்ப்பா, உன் வாரண்ட்டுல பக்கத்து மாநிலம் வரைக்கும்தான் வந்து கூட்டிட்டுப் போவோம்னு போட்டிருக்கு. நீ குடியிருக்கற நெப்ராஸ்காவுல நாலு தடவை நிறுத்திப் பேரைப் பாத்து, மொன்டானாவுக்குப் போன் பண்ணி, அவ்ளோ தூரம் வரமாட்டோம்னு அவங்க சொல்ல, விட்டிருக்காங்க. நிம்மதியா அங்கேயே இருக்காம மொன்டானாவை ஒட்டி இருக்கற மாநிலமாப் பாத்து நுழைஞ்சிருக்கியே"ன்னான்.

நோரீன்: நீ என்ன சொன்னே?

ராய்ஸ்: எம் பொண்டாட்டிக்கு வழி சரியாத் தெரியாதுன்னேன்.

நோரீன்: கிம்பல் ஊர் வந்ததும் தெக்கால திரும்பணும். தவற விட்டுட்டேன். நாம வாங்கப் போன ஃப்ரீசரை விக்கிறவன் வேற போன் மேல போன் பண்ணிக்கிட்டிருந்தான்… மன்னிச்சுடு.

ராய்ஸ்: எத்தனை தடவை சொல்லுவே.

நோரீன்: நீ ஏன் உண்மைப் பேரைச் சொன்னே? வேகமா ஓட்டினது நான். போலீஸ்காரன் உன்னை ஒப்புக்குத்தான் கேட்டான். உன் தம்பி பேரைச் சொல்லியிருந்தா போயிருப்பான்.

ராய்ஸ்: தூக்கக் கலக்கம். வாய்ல வந்துடுச்சு.

நோரீன்: நெப்ராஸ்காவைத் தாண்டினா தம்பி பேருன்னு நீதானே சொல்லி வச்சிருந்தே.

ராய்ஸ்: நீயும்தான் எழுபது மைலைத் தாண்டி ஓட்டினதே இல்ல. அன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு.

நோரீன்: அது வந்து ராய்ஸ், நான்…

ராய்ஸ்: பேசறதையெல்லாம் பதிவு பண்றாங்க. பாத்துப் பேசு.

நோரீன்: பண்ணட்டும்.

காவலர்: அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. முடிச்சுக்கோங்க.

நோரீன்: சரிங்க… ராய்ஸ், போன மாசம் ஜூனியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன். சிக்னல்ல ஒரு போலீஸ் வண்டி பக்கத்துல வந்து நின்னுது. திரும்பிப் பாத்தா சீட்ல புள்ளையக் காணோம். கீழ கால் வைக்கிற எடத்துல சுருண்டு கெடக்கா, தொப்பியை மொகத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு.

ராய்ஸ்: நான் சொல்லிக் குடுக்கல.

நோரீன்: தெரியும். நானும் சொல்லல. ஏண்டி அங்க போனேன்னு கேட்டா, "நாம இப்படித்தானே பண்ணுவோம்"ங்குறா. நாம. எட்டு வயசு ராய்ஸ்.

ராய்ஸ்: என்னப் பாத்துக் கத்துக்கிட்டா.

நோரீன்: உங்கப்பா செத்தப்போ மொன்டானாவுக்குப் போக முடியாம, அடக்கத்தைப் போன்லயே பாதிரியார் குரல்ல கேட்டுட்டு, நீ கொல்லையில போய் விறகு பொளந்தே. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன். உன் வண்டி ஓட்டுற உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமக் காலாவதியாச்சு, மூடிக்கிட்டேன். இதுக்கு முடியல.

ராய்ஸ்: என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

நோரீன்: எத்தனை தடவை சொன்னேன்? வர்ற வசந்தத்துல போய்ச் சரணடையறேம்பே. அப்புறம் ஆலைக்கான கிழங்கு அறுவடை முடியட்டும்பே. வாரண்ட் சாகுமா? அவளுக்குக் கல்யாணம் ஆகறப்பவும் அது உயிரோட இருக்கும்.

ராய்ஸ்: …காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். வியாழக்கிழமை வேன்.

நோரீன்: போட்டுட்டியா? அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் என்னப் பேச விட்டே?

ராய்ஸ்: உன் குரலைக் கேக்கணும் போல இருந்துது.

காவலர்: நேரம் முடிஞ்சுதுங்க. போனை வச்சுடுங்க.

நோரீன்: ஒரு நிமிஷம் ஐயா, ஒரே நிமிஷம். ராய்ஸ், கேளு. நான் திருப்பத்தைத் தவற விடல. ஃப்ரீசரும் இல்ல, விக்கிறவனும் இல்ல. தெரிஞ்சேதான் உன்னை எல்லை தாண்டிக் கொண்டுவந்தேன். தெரிஞ்சேதான் அந்தப் போலீஸ் வண்டியைப் பாத்ததும் மிதிச்சேன். நீ தூங்கிக்கிட்டிருந்தே… தூங்கறவனைக் கொண்டுபோய்க் காட்டிக் குடுத்தேன்.

ராய்ஸ்: தூங்கல நோரீன். வயோமிங் பலகை வந்தப்போ கண்ணைத் தொறந்தேன். நீ சத்தமில்லாம அழுதுக்கிட்டே ஓட்டிக்கிட்டிருந்தே. வண்டியைத் திருப்புன்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துது… திரும்பவும் மூடிக்கிட்டேன்.