மதில்மேல் இரண்டு பாட்டில்

மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்ற மெக்கானிக்கிடம் போகிற பழக்கம் எனக்கு இல்லை, கார்ப்பரல். "மாத்திட்டேன்" என்பான், மாற்றியிருக்க மாட்டான். தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து வருகிற டப்பா ஆயிலையும் நம்ப முடியாது. ஆகவே முற்றத்தில் நானே போல்ட்டைக் கழற்றி, சூட்டோடு வடித்து, ரம் பாட்டிலில் ஊற்றி மதில்மேல் எட்டு நாள் வைப்பேன். கசடு அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதைத் துணியில் வடிகட்டித் திரும்ப எஞ்சினுக்கே ஊற்றுவேன். அதுவரை நடப்பேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் எர்சிலியா. வாழைக்காயும் பன்றித்தோலும் பொரித்து விற்கிறவள். பொரித்த எண்ணெயை அவளும் ரம் பாட்டிலில் ஊற்றி அதே மதிலில்தான் தெளிய வைப்பாள். சனிக்கிழமை காலை நான் பாட்டிலை எடுத்தபோது தெருவே கேட்கக் கத்தினாள்.

"யோவ் ஒதிலியோ, பாத்து எடு! என்னுதைத் தூக்கிட்டுப் போயிடாத!"

"உன் எண்ணெய் என் ஆயிலைவிடக் கறுப்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் கண்டுபிடிப்பேன்டி."

எதிரே முடிவெட்டும் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பக்கம் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

ஊற்றினேன், உதைத்துக் கிளப்பினேன். சந்தையைத் தாண்டுவதற்குள் புகையில் பன்றித்தோல் வாசம். மூன்று நாய்கள் பின்னாலேயே ஓடி வந்தன.

பாட்டில் மாறியது அப்போதே தெரிந்துவிட்டது. உங்களிடம் மறைக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். எர்சிலியா கொப்பரையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். என் பாட்டில் அவள் கையில், மூடிகூடத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் முடிவெட்டும் கடையில் அதே ஆட்கள்.

"என்னய்யா, அதுக்குள்ள படுத்துடுச்சா?" என்று அங்கிருந்து ஒருவன் கேட்டான்.

"பெட்ரோல் தீந்துபோச்சு," என்றேன்.

அவள் புது எண்ணெயோடு என்னுடையதையும் கொப்பரையில் ஊற்றினாள். உங்கள் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு நூறு பேருக்குப் பொரிக்க வேண்டுமே. மோந்து பார்த்தாள். விறகைத் திட்டினாள்.

நீங்கள் இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். பாதிரியார் மூன்று. "இன்னிக்கு ருசியே தனிம்மா" என்றும் சொன்னார். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இந்தத் தெருவில் கழிப்பறைகள் ஒன்பதுதான்.

ஆக, பாட்டில் மாறியது மட்டும் தவறுதலாக. மற்றதெல்லாம் தெரிந்தே செய்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மட்டும் ஏன் ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபது வருஷமாகவே அவளிடம் வாங்கித் தின்றதில்லை. எனக்கு அவள்மேல் நம்பிக்கை கிடையாது, கார்ப்பரல். எண்ணெயில் எதைக் கலக்கிறாளோ, யார் கண்டது.