எந்தக் கரை என்று கேட்டார்

பேராசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வழி கேட்டு வந்தவனுக்குக்கூட அந்தத் தெருவின் வரலாற்றைச் சொல்லித்தான் அனுப்புவோம். என்னிடம் படிக்க வந்த முதல் நாளே நீ இதைக் கவனித்திருப்பாய். முகத்தை மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டாய். உட்காரம்மா. நீ நின்றுகொண்டிருந்தால் எனக்குப் பேச வராது.

விமான நிலையத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாய். தோள்பையைக்கூட இறக்கவில்லை. "ஊரே இல்ல சார். எதிர்க்கரை அப்படியே இருக்கு. நம்ம கரையில ஒரு சுவர்கூட மிஞ்சல. ராணுவத்துக்கு யாரு சார் கரையைக் காட்டிக் கொடுத்தது?" என்று கேட்டாய். போய் ஒருநாள்கூடத் தங்காத ஊரை 'நம்ம கரை' என்று சொல்கிறாய். நல்ல மாணவி நீ. காட்டிக் கொடுத்தது நான்தான்.

இந்த மையம் எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். வாசலில் அயல்நாட்டு ஆய்வு மையம் என்று பெரிய பலகை. உள்ளே ஒழுகும் கூரையோடு மூன்று அறை. அரசு நிதி தருவதால்தான் யாரும் சீந்தாத மொழிகளை இங்கே கற்றுத் தருகிறோம், உன்னைப் போன்ற பிள்ளைகளை அந்த நாடுகளுக்கு அனுப்புகிறோம். நிதியை நீட்டிக்கும் நேரம் வந்தால் அரசுத் துறைக்குக் கூப்பிடுவார்கள். இந்த மொழியால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். நான் கவிதை, உறவுமுறை என்று ஏதோ சொல்லி மழுப்புவேன்.

அந்தத் துறையிலிருந்து ஒருவர் வருவாரே, நீங்களெல்லாம் 'சலவைச் சட்டை' என்று கேலி செய்வீர்களே, அவர்தான் வந்தார். வழக்கமாக வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். அன்று மடிக்கணினியைத் திறந்து ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த ஒரு தொலைபேசிப் பேச்சைப் போட்டார். யாரோ ஒருவன், காயம்பட்டவனுக்கு மருந்து வேண்டும், பாலத்தடியில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நீ படிக்கிற அந்த மொழியில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இது எந்தப் பக்கத்துப் பேச்சு சார்?" என்றார்.

அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குப் பேச்சு என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அது எங்க ஆளுங்களே சொல்லிட்டாங்க. ஆத்துக்கு எந்தக் கரைன்னுதான் யாராலயும் சொல்ல முடியல. பரவாயில்ல சார், உங்களுக்கும் கஷ்டம்தான்."

நீ அங்கே போய்க் கேட்டிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கீழ்க்கரைக்காரர்கள், அதாவது நீ சொல்லும் நம்ம கரைக்காரர்கள், ஆமாம் சொல்லும்போது மூச்சை வெளியே விடமாட்டார்கள், உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எதிர்க்கரையில் அப்படிச் செய்வதில்லை. உன் வயதில் நானும் இதே நிதியில் அங்கே போய்க் கீழ்க்கரையில் ஒரு வீட்டில் தங்கினேன். அந்த வீட்டம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அவள்தான் எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தாள். எனக்கு வராது, புரையேறும். "மூச்ச வெளிய விட்டா குளிரு உள்ள பூந்துடும்டா, மக்கு" என்று முதுகில் தட்டுவாள். அவள் மகன், அப்போது சின்னப் பையன், விழுந்து விழுந்து சிரிப்பான். அவனும் நானும் ஒரே போர்வையில் படுத்தோம். என்னை அண்ணா என்பான்.

அந்த மூச்சை நான் அதிகாரிக்குச் செய்துகாட்டினேன். புருவத்தை உயர்த்தினார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன்.

கீழ்க்கரை என்பது அங்கே ஒரே ஒரு ஊர்தான். அந்தத் தகவல் நம் துறையிலிருந்து அந்த நாட்டு ராணுவத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். பத்திரிகை படிக்கிறவன்தானே நான். கிளர்ச்சிக்காரர்களோடு பேச்சுவார்த்தைக்குத்தான் என்று அவர் சொன்னார்; அதை நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மூச்சை வைத்துத்தான் கரையைக் கண்டுபிடித்தேன் என்பதும் முழு உண்மையில்லை. முதல் வார்த்தையிலேயே குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அது என்னை அண்ணா என்ற அந்தத் தம்பியின் குரல். வயதாகியும் அவனுக்கு அந்தக் கரகரப்பு போகவில்லை. அதையும் சொன்னேன். மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு, தாயும் மகனும் மட்டும் என்று சொன்னேன்.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். இன்றைக்கு அந்தக் கரையின் பேச்சை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவைப் பற்றி நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான். அவரைப் பகைத்திருந்தால் நிதி போயிருக்கும், உன் பயணம் போயிருக்கும், மையத்தை இழுத்து மூடியிருப்பார்கள். பிள்ளைகளுக்காகத்தான் வாயைத் திறந்தேன். நீ வந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன். நீயும் கேட்டுவிட்டு ஒருவேளை அழுதிருப்பாய். என்னை மன்னித்தும் இருப்பாய்.

ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொய் வாயில் வரவில்லை. அவர் வருவதற்கு முந்தைய வாரமே நிதியை நீட்டித்துவிட்டதாகத் துறையிலிருந்து போன் வந்துவிட்டது. உன் பயணச்சீட்டும் தயாராகிவிட்டது. அவர் மிரட்டவில்லை, எதுவும் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டு போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.