தாளைத் தாண்டின கோடு

பெஞ்ச அழிச்சுட்டேன் டீச்சர். ரப்பர் பாதியாத் தேஞ்சுபோச்சு, கோடு போயிடுச்சு. லேசா ஒரு தடம் இருக்கு, அது அவ அழுத்திப் போட்டது, சாஞ்சு பாத்தாத்தான் தெரியும். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க. எங்க வீட்டுப் புள்ள பண்ணின வேலைக்கு நீங்க எதுக்குக் குனியணும்?

எங்க, அந்தத் தாளக் காட்டுங்க. இந்தப் பக்கம் பழத்தோட படம், அந்தப் பக்கம் இங்கிலீஷ்ல பேரு, நடுவுல கோடு போட்டுச் சேக்கணும். ம். ஆப்பிள்னு எழுதின இடத்துல ஆரம்பிச்சு, படத்துப் பக்கமே திரும்பாம, தாளத் தாண்டி, பெஞ்சுல ஏறி, பக்கத்துப் பையனோட சாப்பாட்டு டப்பா வரைக்கும் இழுத்திருக்கா. டப்பாவுல ஆப்பிளா இருந்துச்சு? நறுக்கினதா? அப்ப சரியாத்தானே... ஐயோ, சிரிக்காதீங்க டீச்சர். நீங்க சிரிச்சா எனக்குப் பயம் விட்டுப்போயிடும், கேக்க வந்தத கேக்காமலே கெளம்பிடுவேன்.

மக்கு இல்ல டீச்சர் அவ. நான் பழக்கினது அப்படி. நான் துணி திருத்தற கடையில வேல பாக்கறேன். பேண்ட் நீளத்தக் கொறைக்கறது, ஜிப் மாத்தறது. காலருக்குள்ள வெக்கற வெறப்பு அட்டை துண்டு துண்டா மிஞ்சும். எங்க மாஸ்டர் எடுத்துக்கோன்னாரு. அதுல பழத்தோட பேரா எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கற அளவு எனக்கும் தெரியும். எழுதிட்டேன், படத்துக்கு எங்க போறது? எனக்கு வரையத் தெரியாது. நான் ஆரஞ்சு வரைஞ்சா அது பந்தா, நிலாவான்னு அவளே கேக்கறா. சரி போன்னு பழக்கூடையத் தூக்கித் தரையில வெச்சேன். அட்டையக் குடுப்பேன், அவ ஒவ்வொண்ணா மோந்து பாத்து, எதோடதோ அது மேல வெக்கணும். சரியா வெச்சா பழம் அவளுக்கு. தப்பா வெச்சா எனக்கு.

அதுலயும் திருட்டுத்தனம் பண்ணுவா, கேளுங்க. ஆரஞ்சு அட்டைய எடுத்து வாழப்பழத்து மேல வெச்சுட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பா. தெரியாம இல்ல, வேணும்னுதான். வாழப்பழம்னா எனக்கு உயிருன்னு அவளுக்குத் தெரியும். நானும், அடடா தப்பாச்சேன்னு சொல்லிட்டு உரிச்சுத் தின்பேன். கெக்கேபிக்கேன்னு சிரிப்பா.

அதான் உங்க தாளு அவளுக்குப் புடிபடல. படம்னா பழம் இல்லைங்கறா. மணம் வரலியாம்.

அடுத்த வருஷம் கத்துக்கட்டும்னா? நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா அதுக்கு வழி இல்ல டீச்சர். அடுத்த மாசம் அவ பிளேன் ஏறணும், அவங்கப்பாகிட்ட. அங்க போனதும் இதே மாதிரி தாளுதான் குடுப்பாங்களாம், அதப் பாத்துத்தான் எந்த வகுப்புல உக்கார வெக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்களாம். புது ஊர்ல, புது மனுஷங்க நடுவுல, எம்புள்ள திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கலாமா?

இல்ல, நான் பெத்தது இல்ல. என் தங்கச்சி பொண்ணு. தங்கச்சி தவறிப்போனப்ப இவளுக்குத் தவழக்கூட வரல. இவங்கப்பா வேலைக்குன்னு வெளிநாடு போனாரு, நான் தூக்கிட்டு வந்துட்டேன். பெரிம்மான்னு சொல்லுடின்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அம்மாதான் வந்துச்சு. அப்புறம் நானும் விட்டுட்டேன்.

இப்ப சறுக்குமரத்துல இருக்காளா? அந்த ஜன்னலச் சாத்திடவா? இல்ல, காத்துக்காக இல்ல. அவ காதுல விழ வேணாம்.

போன வாரம் ஒரு நாள் காலையில, கடைக்குக் கெளம்பற அவசரத்துல புதுசா ஒரு அட்டை எழுதிக் குடுத்தேன். எதோடதுன்னு கண்டுபுடின்னேன், இது என்ன எழுத்துன்னா, படிச்சு, அர்த்தமும் சொன்னேன். கையில வெச்சுக்கிட்டு நின்னா. நான் குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன், முதுகுல ஏதோ தட்டின மாதிரி இருந்துச்சு. வெளையாடறான்னு விட்டுட்டேன். தெருவெல்லாம் நடந்து கடைக்குப் போறேன், பட்டன் தைக்கற பொண்ணு கேக்கறா, என்ன அக்கா, முதுகுல வெலை எழுதி ஒட்டிக்கிட்டு வர்றீங்க, தள்ளுபடி உண்டான்னு. எல்லாரும் சிரிக்கறாங்க. மாஸ்டர் எழுந்து வந்தாரு. அட்டையப் படிச்சாரு.  அவ குத்தியிருந்த ஊக்கக் கழட்டி டப்பாவுல போட்டாரு, அட்டைய என் கையில குடுத்துட்டு மெஷினுக்குப் போயிட்டாரு.

இந்தாங்க, அதுதான். மதர்னு எழுதியிருக்கேன், எழுத்து சரிதானே?

இதுக்குச் சேர வேண்டிய படம் இது. அவங்கப்பா திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு டீச்சர். தப்பே இல்ல, எத்தன நாள்தான் தனியா இருப்பாரு. இந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான், போன்ல மொதல்ல என்னத்தான் விசாரிக்கும், அக்கா சாப்பிட்டீங்களான்னு. திட்டக்கூட ஆள் இல்லாமப் போச்சு எனக்கு. பிளேன விட்டு எறங்கினதும் புள்ள இந்த முகத்தப் பாத்து அந்த வார்த்தையச் சொல்லணும்னு அவருக்கு ஆச. ரெண்டு பேரும் நிக்கற போட்டோதான் அனுப்பினாரு. நாந்தான் இந்தப் பொண்ணு மட்டும் வர்ற மாதிரி கத்தரிச்சேன், உங்க பழப் படத்து அளவுக்கே.

மொதல்ல பழமெல்லாம் முடியட்டும். படத்துக்குக் கோடு போட அவளுக்குக் கை பழகட்டும். அப்புறமா, பழத்தோட பழமா இதையும் நடுவுல கலந்து வெச்சுடுங்க. நீங்கதான் வெக்கணும். என்னால முடியல. அட்டைய நான் கையில எடுத்தாலே அவ என் முதுகுப் பக்கம் வந்துடறா.

நாளையில இருந்து கூப்பிட வர்றப்ப நான் உள்ள வரல டீச்சர், கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கறேன். நான் கண்ணுல பட்டா அவ கோடு தாளுக்குள்ள நிக்காது.