மோட்டார் கொட்டகையில் வருகைப் பதிவு

டீ நன்றாக இருக்கிறது, மேடம். இஞ்சியை நசுக்கிப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் டீ வாயில் வைக்க விளங்காது என்று கள்ளக்குறிச்சியில் பேச்சு. யாரோ குடிக்காமலே கிளப்பிவிட்டது.

என் பெயர் இளஞ்செழியன். பதினாறு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். கச்சிராயபாளையம் போகிற சாலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மரவள்ளி. அந்த மோட்டார் கொட்டகை அதன் நடுவில்தான் இருக்கிறது. நேற்று நீங்களே வந்து பார்த்தீர்கள். கதவைத் திறந்தால் எதிரே கல்வராயன் மலை. திறந்தால்தான், அது உண்மை.

சாலம்மாள் எங்கள் நிலத்தில் பல வருடமாக வேலை செய்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் இசைவாணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கொரோனா இரண்டாம் அலைக்கு ஊரடங்கு போட்டதும் என் மனைவி பிள்ளைகளோடு விழுப்புரத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். நான் வெந்நீர் வைத்தாலே பாத்திரம் கருகும். அதனால் சாலம்மாள் வந்து சமைத்துப் போட்டாள். கைப்பக்குவம் உள்ளவள், பேச்சிலும் கெட்டிக்காரி.

மே பதினாறாம் தேதி காலையில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒடம்பு அனலா கொதிக்குது சார். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்றாள்.

அங்கே இடமில்லை, வராந்தாவில்தான் படுக்கப் போடுவார்கள் என்றேன். பிறகு பாடமாகவே விளக்கினேன். வைரஸ் என்பது அழையாத விருந்தாளி, சாலம்மா. ஒரு செல்லுக்குள் நுழைந்து அதன் அடுப்பிலேயே தன் சோற்றை வடித்துக்கொள்ளும், தன் குட்டிகளைப் பெருக்கிக்கொள்ளும். செல் அதைக் கண்டுபிடித்ததும் முதலில் அடுப்பை அணைக்கும். புரதம் செய்கிற வேலை பெருமளவு நின்றுபோகும். தானும் பட்டினி, வந்தவனும் பட்டினி. அடுத்து, பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். அப்படியும் சமாளிக்க முடியவில்லையென்றால் தன்னையே மாய்த்துக்கொள்ளும். உடம்பு பிழைக்கும்.

வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் அசந்துபோவார்கள். சாலம்மாள் இருமிக்கொண்டே சிரித்தாள். "அதெல்லாம் சரி சார், அந்தச் செல்லுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?"

நான்தான் ஊற்றுவேன் என்று சொல்லிக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பாய், ஒரு குடம் தண்ணீர், பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை எல்லாம் வைத்தேன். சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று அவளுடைய போனை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பூட்டினேன்.

முதல் இரண்டு நாள் சுவரின் ஓட்டை வழியாகக் கஞ்சி கொடுத்தேன். மூன்றாம் நாள் யோசித்தேன். பாத்திரம் உள்ளே போய் வெளியே வருகிறது, கூடவே கிருமியும் வரும். தண்ணீர்க் குடத்தை நிரப்ப வேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். எனவே இரண்டையும் நிறுத்தினேன். மற்றபடி ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. காலையும் மாலையும் கதவைத் தட்டி "சாலம்மாள்" என்பேன். "உள்ளேன் ஐயா" என்று பிள்ளைகள் மாதிரியே சொல்வாள். நான்தான் பழக்கிவிட்டேன். டைரியில் குறித்துக்கொள்வேன்.

நான்காம் நாள் மாலை உள்ளேன் என்று சொல்லவில்லை. "சார், தொண்ட ஒட்டிக்கினு கீது. ஒரு வாய் தண்ணி குடுங்க சார். நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் எந்தப் பதிலும் இல்லை. டைரியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இசைவாணி தினமும் அழைப்பாள். அவள் அம்மா போனில்தான் பேசுவேன். அம்மா தூங்குகிறாள், மாத்திரை அசதி என்று சொல்வேன். "சத்தம் மட்டும் கேக்கறேன் சார், எழுப்புங்களேன்" என்பாள். நோயாளியை எழுப்பக்கூடாது என்று விளக்குவேன். அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய காய்கறி வண்டியில் ஏறி வந்துவிட்டாள். பூட்டை உடைத்ததும் அவள்தான். அதற்குத் தனியாக ஒரு புகார் கொடுக்கலாம் என்று நினைத்தேன், போகட்டும்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், ஆண்டாள் மேடம். பதினாறு வருட அனுபவத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. "மூணு சொன்னீங்க வாத்தியாரே. அடுப்ப அணைச்சீங்க, ஆளும் செத்துப் போச்சு. நடுவுல அக்கம்பக்கத்துக்குச் சேதி சொல்றதுன்னு ஒண்ணு வந்துச்சே, அத ஏன் செய்யல?"

எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

மே ஒன்பதாம் தேதி தியாகதுருகத்தில் என் மாமா பையன் கல்யாணம். ஐம்பது பேர் என்று அனுமதி வாங்கியிருந்தார்கள், இருநூறு இலை விழுந்தது. பன்னிரண்டாம் தேதி என் போனுக்குப் பரிசோதனை முடிவு வந்தது. தொற்று உறுதி. லேசான தலைவலி, அவ்வளவுதான். அன்று எங்கள் தெருக் கண்காணிப்புக் குழுவுக்கு நான் தலைவர். முகக்கவசம் போடாதவர்களை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தியவன். என் வீட்டு வாசலிலேயே கொரோனா வீடு என்று தகரம் அடித்தால் நன்றாக இருக்குமா? செய்தியை அழித்தேன், முகவரியைத் தப்பாகக் கொடுத்திருந்ததால் யாரும் தேடி வரவில்லை. மறுநாளும் சாலம்மாள் வந்து எனக்கு ரசம் வைத்தாள். அதற்கு மறுநாளும்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் வீட்டில் வேலை செய்தாய் என்று கேட்பார்கள். சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

பூட்டியது நான். தண்ணீரை நிறுத்தியதும் நான். அவள் இறந்தது தெரிந்த பிறகும் ஆறு நாள் அவள் மகளிடம் பேசியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். எங்கள் தெருவில் என்னால் ஒருவருக்குக்கூட நோய் பரவவில்லை.