மஞ்சத் தண்ணி ஓடின பீலி

— நிப்பாட்டுங்கண்ணே. மொதல்ல அந்த மோட்டர நிப்பாட்டுங்க!

— நேத்தே நிப்பாட்டியாச்சு நாகு. காதக் குடுத்துக் கேளு... ஏதாச்சும் சத்தம் வருதா?

— அப்ப ஏன் எங்க ஊத்துப் பீலியில இன்னும் தண்ணி வரல? கீழ பணிய லயமே வாளியோட நிக்குது. இன்னைக்கு யாரும் வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குக்கூட போகல.

— வரும். ஊறி வர வேணாமா?

— எப்பண்ணே? எந்த வெயிலுக்கும் நிக்காத பீலி. நீங்க குழாக்கிணத்துக்கு மோட்டர் போட்டீங்க, செத்துப்போச்சு.

— படியேறி மூச்சு வாங்குது, கோவத்துக்கு மட்டும் கொறைச்சலில்ல. இந்தா, தேத்தண்ணிய குடி. பூண்டுலோயாவுக்கு தண்ணி பவுசர் கேட்டு ஆள் அனுப்பியிருக்கேன்.

— என்னண்ணே இது, மை மாதிரி?

— புதுக் கிணத்துத் தண்ணி. தேயிலை பட்டா கறுத்துப்போகுது. டெஸ்ட் பண்ண அனுப்பினோம்ல... இரும்பு கூடவாம்.

— இதுக்கா இம்புட்டுச் செலவு!

— ஏன் கேக்குற. அடிக்கு இவ்வளவுன்னு பேசித்தான் மெசின் வந்துச்சு. எரநூறு அடியில பம்ப் போட்டு டெஸ்ட் பண்ணான். அர மணித்தியாலம் ஓடல, சேறா கக்குச்சு. இன்னும் ஆழம் போனா கருங்கல்லு, வெல கூடும்னான். எங்க மேட்டு லயத்துச் சந்தா அதோட முடிஞ்சுச்சு.

— அப்பறம் நாங்கதானே குடுத்தோம். எங்க பொம்பளைங்க மூக்குத்திய கழட்டிக் குடுத்தாங்கண்ணே.

— எனக்காகவா குடுத்தாங்க? அந்த மஞ்சத் தண்ணிக்குக் குடுத்தாங்க.

— அத ஏன் இப்ப...

— மறக்க முடியுமா? ஆழம் போறதுக்கு முன்னுக்கு அம்மனுக்கு பூச வச்சு, கொடம் கொடமா மஞ்சத் தண்ணிய அந்தக் குழியில ஊத்தினோம். மறுநா விடிய உங்க பீலி மஞ்சளா ஓடுச்சு. ரெண்டு லயமும் சூடம் கொளுத்திக் கும்புட்டுச்சு. நீயும் சாமி வந்து ஆடுன... 'ஏத்துக்கிட்டேன்டா, இன்னும் ஆழமா போடா'ன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

— விடுங்கண்ணே. நான் வந்தது வேற சங்கதி. அந்திக்கு எங்க ஆளுங்க அலவாங்கோட வர்றாங்க, மோட்டர பேத்துப் போட. உங்க மச்சான்தான் முன்னுக்கு நிக்கிறாரு.

— வீரய்யா மச்சானா? என்னைய நம்ம பொன்னையான்னு கூட பாக்க மாட்டாரா?

— எத்தன நாளைக்கு பாப்பாரு? வீட்டுல கஞ்சி வைக்கத் தண்ணி இல்ல.

— பேத்தா மட்டும் பீலி வந்துருமா?

— வராதா? சொல்லுங்கண்ணே!

— வராது நாகு. தண்ணி அடியில எறங்கிருச்சு. மெசின்காரன் அப்பவே சொன்னான்.

— எப்ப சொன்னான்?

— பீலி மஞ்சளா ஓடுன அன்னைக்கே. இந்தக் குழியும் அந்த பீலியும் ஒரே ஊத்து, அதான் மஞ்சள் அங்க வருது, ஆழம் போனா கீழ பீலி வத்தும்னான். நான்... யாருகிட்டயும் சொல்லல.

— ஐயோ அண்ணே!

— உன் அண்ணி கொடத்தோட பீலிக்கு எறங்குற படியில உருண்டப்ப நீதானே தூக்குன? வயித்துப் புள்ள போனத நீதானே பாத்த? இங்க வாசல்லயே ஒரு குழா இருந்தா அவ எறங்க வேணாம்... அது ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சு.

— அண்ணி எங்க?

— உள்ள படுத்திருக்கா. இந்தக் கறுப்புத் தண்ணிய பாத்ததுலருந்து பேச்சில்ல. எனக்கும் மனசு அடிச்சுக்குது நாகு. ஒரே ஆறுதல் என்னான்னா... நான் மறைச்சேன், சரி. சாமி மறைக்குமா? உன் வாயால அதுதானே ஆழம் போகச் சொல்லுச்சு. அப்ப அது அம்மன் முடிவு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நான் சொல்றதக் கேளு. அவங்க வர்றதுக்கு முன்னுக்கு கோயிலுக்கு வா. உடுக்கை அடிக்கச் சொல்றேன். சாமிய வரவழைச்சு, தண்ணி எங்க போச்சுன்னு அதுகிட்டயே கேப்போம். உன் வாயால வந்தா ரெண்டு லயமும் அடங்கும்.

— வேணாம்ணே.

— ஏன் புள்ள? அன்னைக்கு வந்த சாமி இன்னைக்கு வராமயா போயிரும்?

— அன்னைக்கு விடிய பீலிக்கிட்ட நின்னேன். அண்ணி மறுபடியும் கொடத்த தூக்கிக்கிட்டு அதே படியில ஏறுறதப் பாத்தேன்... எனக்கு சாமி வரலண்ணே. நானாத்தான் ஆடினேன்.