கதவில் கட்டிய துண்டு

— அந்தக் காகிதத்த மொதல்ல மடிச்சு பையில வை ராய்ஸ். வந்ததும் வராததுமா பேனாவ நீட்டுற.

— உக்கார நேரமில்ல ஓப்பல். வேன் வெளிய நிக்குது. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கவுன்டி ஆபீஸ்ல விசாரணை. அதுக்குள்ள நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.

— கட்டில்ல உக்காரு. இந்த மோட்டல் ரூம்ல நாற்காலி ஒண்ணுதான், அதுல தானமா வந்த துணி குவிஞ்சு கெடக்கு. யாரோ ஒரு மகராசி டான்ஸுக்குப் போடற கவுன் அனுப்பியிருக்கா, பளபளன்னு. கோழி ஆலையில எலும்பு பிரிக்கறப்ப போட்டுக்கலாம்.

— எத்தன நாள் இங்க இருக்க விடுவாங்க?

— வெள்ளிக்கிழமை வரைக்கும். காத்து தூக்கிட்டுப் போன டிரெய்லர் வீடு எங்கண்ணன் பேர்ல இருந்துச்சாம். அவன் கையெழுத்து இல்லாம உதவி கெடையாதாம். நேத்து போன்ல ஒரு பொண்ணு கேக்கறா, "மேடம், மிஸ்டர் வெண்டெல் கிட்ட போனக் குடுக்க முடியுமா?"ன்னு. அவன் செத்து பதினாறு நாளாச்சும்மான்னேன். அப்படின்னா வேற ஃபாரம்னு சொல்லிட்டு வச்சுட்டா.

— ஒனக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோ.

— அழுது பாத்தேன், அதுக்கும் ஒருத்தரும் வரல. போன வாரம் இன்னொரு கூத்து. ஆறு பசங்க மரம், ஆணி, ரம்பம் எல்லாம் எடுத்துக்கிட்டு நம்ம இடத்துக்கு வந்து நிக்கறாங்க. வெண்டெலோட சக்கர நாற்காலி இறங்கச் சாய்தளம் வேணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதிக் குடுத்தேனில்ல, அதுக்கு இப்பத்தான் முறை வந்துச்சாம். வீடே இல்லாத எடத்துல நின்னுக்கிட்டு, வாசல் எந்தப் பக்கம்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— கைய நீட்டிக் காமிச்சேன். பாவம், நல்ல பசங்க. தண்ணி குடுக்கலாம்னா எங்கிட்ட ஒரு டம்ளர்கூட இல்ல. சரி, அது கெடக்கட்டும். காகிதத்துல என்ன எழுதியிருக்க?

— இந்தா பாரு, ரெண்டே வரி. 'சுழல்காத்து அடிச்ச அன்னைக்குக் காலையில வேலைக்குப் போறப்ப எங்க கதவுல துண்டு கட்டியிருந்துச்சு'ன்னு. அவ்ளோதான்.

— நான் என்ன செஞ்சேன்னு நீ எழுதிக்கிட்டு வந்திருக்க.

— நான் கண்ணால பாத்தேன் ஓப்பல். ஆண்டவர் சாட்சியா சொல்றேன், கதவுக் கைப்பிடியில துண்டு தொங்குச்சு. சைரன் அடிச்சு நான் ஆளுங்கள ஏத்த வர்றப்ப துண்டு தொங்குனா அந்த வீட்டு ஆளுங்க ஏற்கெனவே சர்ச் ஷெல்டருக்குப் போயாச்சுன்னு அர்த்தம், வேன் நிக்க வேணாம். இது எல்லாருமாச் சேந்து பேசி வச்ச ஏற்பாடு. அதுபடிதான் நான் போனேன்.

— எல்லாரும் எங்க பேசுனாங்க? நீ சொன்ன, நாங்க பீச் பழ கேக் தின்னுக்கிட்டே தலையாட்டுனோம்.

— சரி, நான்தான் சொன்னேன். காலி வீட்டுக் கதவத் தட்டித் தட்டியே நேரம் போச்சுன்னா அடுத்த வீட்டுக்காரன் கதி என்ன? ஏழு வருஷமா இந்தத் துண்டு முறையாலதான் ஒருத்தரக்கூட விடாம ஏத்திட்டுப் போனேன்.

— என்ன கலரு?

— எது?

— அந்தத் துண்டு.

— கலரா? முட்ட முட்டயா ஆலங்கட்டி விழுது, கண்ணாடியில தண்ணி ஆறா ஓடுது. அலபாமாவுல இத்தன வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன், அப்படி ஒரு மழைய நான் பாத்ததில்ல. துண்டுன்னு தெரிஞ்சுது, போயிட்டேன்.

— வேற யாரும் பாக்கலையா? வேன்ல எட்டுப் பேர் இருந்தாங்களே.

— எட்டுப் பேரும் தலகாணியத் தலையில கவுத்துக்கிட்டு குனிஞ்சு கெடந்தாங்க. லாவெர்ன் நாயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தா. இப்ப அவதான் ஊரெல்லாம் சொல்லித் திரியறா, ராய்ஸ் பயந்துட்டான், வெண்டெல் கனமான ஆளு, தூக்க நேரமாகும்னு விட்டுட்டு வந்துட்டான்னு. அவ உசுரக் காப்பாத்துனவன் நான். காபிக் கடையில பரிமாறற பொண்ணு கோப்பைய வச்சுட்டு என் மூஞ்சியக்கூடப் பாக்காமப் போறா.

— அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்த?

— அதுக்காக இல்ல. பாரு, வியாழக்கிழமை வேன் சாவிய வாங்கிட்டாங்கன்னா யாரு ஓட்டுவா? சுழல்காத்து அடிக்கற மே மாசம் முழுசாக் கெடக்கு. கிளாடிஸ் ஆக்ஸிஜன் மெஷினோட உக்காந்திருக்கா. டெல்மருக்கு ரெண்டு காலும் இல்ல. கவுன்டிக்காரங்களா வந்து தூக்கப் போறாங்க?

— அவங்ககிட்டதான் நடமாட முடியாதவங்க பட்டியல் இருக்கே. வெண்டெல் பேரும் அதுல இருந்துச்சு. அவ்ளோ பெரிய பட்டியல் வச்சிருந்தும் ஏன் ஒருத்தரும் வரலன்னு போய்க் கேட்டேன். அது தூக்கிட்டுப் போறதுக்கான பட்டியல் இல்லையாம். காத்து போனப்புறம் எங்கெங்க தோண்டணும்னு தெரிஞ்சுக்கறதுக்காம்.

— அதத்தான் நானும் சொல்றேன். இருக்கறது அந்த ஒரு ஓட்ட வேன்தான் ஓப்பல். அன்னைக்குத் துண்டு கட்டிட்டு முன்னாடியே போன மூணு பேரையும் சேத்துப் பதினோரு பேருக்கு வேற வழி இல்ல.

— நான் கையெழுத்துப் போட்டா உன் சாவி உங்கிட்டயே இருக்கும். எம்பேரு என்ன ஆகும்? கூடப் பொறந்தவன உள்ள வச்சிட்டு, வெளிய துண்டு கட்டிட்டுப் போனவ.

— அப்படி ஏன் நெனைக்கற? முந்தின நாள் அவன எங்கயோ கூட்டிட்டுப் போனப்ப கட்டுனது, அவுக்க மறந்துட்டேன்னு சொல்லு. மனுசங்க மறக்கறதுதான். யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— முந்தின நாள் நாங்க எங்கயும் போகலையே ராய்ஸ்.

— பேச்சுக்குச் சொல்றேன்.

— நான் மறக்கல.

— என்ன?

— மறந்துட்டேன்னு எழுதாத. வேணும்னுதான் கட்டுனேன்.

— ஓப்பல், நீ என்ன சொல்றன்னு யோசிச்சுப் பேசு.

— பதினேழு நாளா அத மட்டும்தான் யோசிக்கறேன். இந்த வருஷம் மட்டும் ஆறு தடவ சைரன் அடிச்சாங்க. ஆறு தடவயும் நீயும் டெல்மரோட மச்சானும் அவன மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போனீங்க. குத்தமாச் சொல்லல, இருநூத்தம்பது பவுண்டு ஆள வேற எப்படித் தூக்கறது. ஒவ்வொரு தடவயும் அக்குள்ல நீலம் பூத்துக் கெடக்கும். ஆறாவது தடவ ஷெல்டர்ல எல்லார் முன்னாடியும் உக்காந்த எடத்துலயே துணியில போயிட்டான். லாவெர்ன் மூக்கப் பொத்திக்கிட்டு நாயத் தூக்கிட்டு அந்தாண்ட போய் உக்காந்தா. ஆறு தடவயும் ஒரு காத்தும் வரல.

— நான் பாத்தேன். நானும் அங்கதான இருந்தேன்.

— அன்னைக்கு ராத்திரி குளிப்பாட்டறப்ப, இனி போக வேணாமான்னு கேட்டேன். பக்கவாதம் வந்தப்புறம் அவனுக்கு வாயில வர்றதே நாலு வார்த்த. தலைய மட்டும் ஆட்டுனான். வேணாம்னு ஆட்டுறான்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு வேண்டியதத்தான நான் நெனைப்பேன். ஒவ்வொரு சைரனுக்கும் பாதி ஷிஃப்ட்ல ஓடி வந்து அவன அள்ளிக்கிட்டுப் போய், கழுவி, துணி மாத்தி. இன்னொரு தடவ ஓடுனா திரும்பி வராதன்னு ஃபோர்மேன் சொல்லிட்டான். எனக்குச் சலிச்சுப் போச்சு ராய்ஸ். அதான் நெசம்.

— சலிக்காதவங்க யாரு.

— அன்னைக்குக் காலையில டிவியில மதியத்துக்கு மேல மோசமா இருக்கும்னான். அவன ஜன்னலோரமா சக்கர நாற்காலியில உக்கார வச்சேன். முட்டையும் பிஸ்கட்டும் குடுத்தேன். கதவச் சாத்திட்டு, வெளிக் கைப்பிடியில துண்டக் கட்டுனேன். காத்துல பறந்துடக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சு போட்டேன். ஜன்னல் வழியா அவன் பாத்துக்கிட்டே இருந்தான். நான் கையாட்டுனேன்.

— ஓப்பல்...

— நீ ஒரு தப்பும் பண்ணல. ஊரே ஒன்னத் திட்டறப்ப நான் வாயத் தொறக்கல, அதுக்கு என்ன மன்னிச்சுடு. வியாழக்கிழமை நானே வர்றேன். காகிதம் வேணாம், எல்லார் முன்னாடியும் வாயாலயே சொல்றேன். அந்த ட்ராயரத் தொற.

— எதுக்கு?

— தொறயேன். சவ அடக்கக்காரன் குடுத்த பை இருக்கு பாரு. அவன் கைக்கடிகாரம், கூட அந்தத் துண்டு. மஞ்சள்ல சேவல் படம் போட்ட சமையலறத் துண்டு. விசாரணையில காமிக்கணும்ல, எடுத்துட்டுப் போ.

— இது எப்படி அவங்க கையில கெடச்சுது?

— வெண்டெல் கையில இருந்துச்சாம். வெளங்குற அந்த இடது கையில. விரலப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம். அவன் ஜன்னல்கிட்டயும் இல்ல, வாசப்படிகிட்ட கெடந்தான். காத்து கதவப் பிச்சு எறிஞ்சு, துண்டையும் அவனையும் ஒரே எடத்துல சுருட்டிப் போட்டிருக்கும்னு தீயணைப்புக்காரன் சொன்னான். ஏன் அதையே பாத்துக்கிட்டு நிக்கற?

— கிழியவே இல்ல.

— கிழியல. முடிச்சும் இல்ல. காத்துக்கு அவ்ளோ பலம்.

— ஓப்பல், நீ வியாழக்கிழமை வர வேணாம்.

— ஏம்ப்பா, இதுக்குத்தான வந்த? நான் ஒத்துக்கிட்டா ஒன் மேல இருக்கற பழி போயிரும். பதினோரு பேருக்கு வேன் ஓடும். எனக்கு இனிமே என்ன இருக்கு, யாரு என்ன சொன்னா என்ன.

— வர வேணாம்னு சொல்றேன்ல. அந்தக் காகிதத்தக் குடு.

— ஏய், ஏன் கிழிக்கற? ராய்ஸ், மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? உக்காரு மொதல்ல.

— நான் பொய் சொன்னேன்.

— என்ன பொய்?

— எட்டுப் பேர் ஏறியாச்சு. பின்னாடி கண்ணாடியில பாத்தா, பெட்ரோல் பங்குக்கு அந்தப் பக்கம் வானம் தரையத் தொட்டுக்கிட்டு நிக்குது. வெண்டெலத் தூக்க பத்து நிமிஷம் ஆகும், மூணு நிமிஷம்கூட இல்ல. எட்டுப் பேரா, ஒரு ஆளான்னு... நான் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்கவே இல்ல, மிதிச்சுட்டேன். அப்புறமா எல்லாரும் கேக்கக் கேக்க துண்டு இருந்துச்சுன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் தெரிய ஆரம்பிச்சுது.

— நீ சொல்றது எனக்குப் புரியல. துண்டு இருந்துச்சு. நான்தான கட்டுனேன்.

— ஒங்க வீட்டத் தாண்டறப்ப ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். கதவு பாதி தொறந்திருந்துச்சு. கைப்பிடி வெறுமையா இருந்துச்சு. துண்டு இல்ல ஓப்பல்.

— இல்லையா?

— இல்ல.

— ரெண்டு முடிச்சு போட்டேன் ராய்ஸ். ஒரு சட்டை பட்டன் மாட்ட அவனுக்கு அர மணி நேரம் ஆகும். ஒத்தக் கையால ரெண்டையும் அவுத்து கையில வச்சுக்கிட்டு, உன் வேனுக்காக வாசல்ல வந்து உக்காந்திருந்திருக்கான்.